ஏர்த்தில் தொட்டால் மின்னேற்றம் போய்விடுமா?

தேயிலைத் தொழிற்சாலைகளில் பிரதான மின்பலகைக்குப் பக்கத்தில், பல இடங்களில், இன்னோர் இரும்புப் பெட்டியும் நிற்கும். அதற்குள் வரிசையாக உருளை வடிவக் கொள்ளளவிகள் இருக்கும். கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்டு வாங்குகிற அதே பொருள்தான், அளவில் பெரியது. கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறி, ரோலர், ட்ரையர் என்று அங்கே ஓடுவதெல்லாம் மோட்டார். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி காந்தப்புலத்தை உண்டாக்கப் போய், வேலை எதுவும் செய்யாமல் திரும்பி வருகிறது. பெரிய பாவனையாளர்களின் கட்டணத்தில் உச்சக் கேள்வி, அதாவது ஆகக் கூடுதலாக இழுத்த அளவு, கிலோவோல்ட் அம்பியரில் (வோல்ட்டையும் மொத்த ஓட்டத்தையும் பெருக்கி) கணக்கிடப்படுவதால், அந்த வெறும் ஓட்டத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அதைத் தூரத்திலிருந்து இழுக்காமல் மோட்டாருக்குக் கிட்டவே கொடுக்கத்தான் அந்தப் பெட்டி.

இந்தப் பெட்டியைத் திறந்து வேலை செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. மெயினை நிறுத்திவிட்டு, ஏர்த் வயரை எடுத்து ஒரு முனையில் தொட்டால் உள்ளே இருக்கிற மின்னேற்றம் எல்லாம் மண்ணுக்குப் போய்விடும் என்பது. உயர்தர பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளில் பலரும் இதையேதான் சொல்வார்கள். மின்னேற்றிய கொள்ளளவியின் ஒரு தட்டைப் புவியுடன் தொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள், "அந்தத் தட்டிலுள்ள ஏற்றம் புவிக்குப் போகும்" என்று தயங்காமல் பதில் வரும். அந்தப் பதில் பிழை. பரீட்சைத் தாளில் அது இரண்டு புள்ளியோடு போகிற பிழை. தொழிற்சாலையில் அதே பிழை ஓர் ஆளைக் கொல்லக்கூடியது.

ஏன் பிழை என்பதற்கு மின்னழுத்தத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு கூலோம் ஏற்றத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக எத்தனை யூல் சக்தி வேண்டும் என்பதுதான் அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். ஒரு கூலோமுக்கு ஒரு யூல் என்றால் ஒரு வோல்ட். இந்த வரையறையிலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன, ஓர் இடம் மட்டும் இல்லை. பீதுருதாலகால மலையின் உயரம் 2524 மீட்டர் என்கிறோம், அது கடல் மட்டத்திலிருந்து. 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியா நகரிலிருந்து பார்த்தால் அதே மலை 656 மீட்டர்தான். மலை மாறவில்லை, எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் மாறியது. "இந்த வயரில் 230 வோல்ட் இருக்கிறது" என்பதும் இப்படித்தான் பாதி வசனம். எதிலிருந்து 230 என்று சொல்லி முடிக்க வேண்டும். நம் வீடுகளில் அது லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள 230.

தோட்டங்களுக்கு ஊடாகப் போகும் 33,000 வோல்ட் கம்பியில் மைனா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணிலிருந்து அளந்தால் அந்தப் பறவையின் உடல் 19,000 வோல்ட்டில் இருக்கிறது. ஆனால் அதன் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருப்பது சில சென்ரிமீட்டர் கம்பி மட்டும். அந்தத் துண்டின் இரு முனைக்கும் உள்ள வித்தியாசம் அளவிடக்கூட முடியாத அளவுக்குச் சிறியது. அதனால் மைனாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிறகு பக்கத்துக் கம்பியிலோ இரும்புக் கம்பத்திலோ பட்டால் கதை வேறு.

சரி, புவியை ஏன் பூச்சியம் என்று எடுக்கிறோம்? முதற்காரணம் வசதி. எல்லோரும் நிற்பது அதன் மேல்தான், நாம் தொடுகிற குழாய், சுவர், ஈர நிலம் எல்லாம் அதோடுதான் தொடுப்பில் இருக்கின்றன. இரண்டாவது காரணம் அளவு. புவியைத் தனியான ஒரு கோளக் கடத்தியாக எடுத்துக்கொண்டு அதன் கொள்ளளவத்தை, அதாவது அழுத்தம் ஒரு வோல்ட் ஏற எவ்வளவு ஏற்றம் வேண்டும் என்பதை, கணித்தால் ஏறத்தாழ 710 மைக்ரோபரட் வரும். முதல் தடவை இதைக் கணித்துப் பார்க்கிற யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதைவிடக் கூடிய கொள்ளளவம் உள்ள கொள்ளளவியை ரேடியோ திருத்துகிற கடையில் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆனாலும் ஒரு மனித உடலோடு ஒப்பிட்டால் 710 மைக்ரோபரட் மிகப் பெரியது. நம் உடலின் கொள்ளளவம் 100 பிக்கோபரட் அளவில் இருக்கும், ஒரு மைக்ரோபரட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோபரட். தை, மாசியில் காற்று காய்ந்து கிடக்கும் குளிர் இரவுகளில் நைலோன் ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்குமே, அப்போது உடல் 5000 வோல்ட் அளவுக்கு ஏறியிருக்கலாம். அந்த 5000 வோல்ட்டில் நம் உடலில் இருப்பது அரை மைக்ரோகூலோம். அவ்வளவையும் புவிக்குக் கொடுத்தால் புவியின் அழுத்தம் 0.7 மில்லிவோல்ட் ஏறும். நமக்கு 5000 விழுந்தது, புவிக்கு ஒன்றுமே ஏறவில்லை. இப்படித் தனியாக ஏற்றம் சேர்ந்த பொருள்களுக்கு மட்டும் "ஏற்றம் மண்ணுக்குப் போய்விட்டது" என்ற பேச்சு சரிவரும்.

கொள்ளளவி அப்படிப்பட்ட பொருள் இல்லை. அதில் இரண்டு தட்டுகள், நடுவில் மெல்லிய காவலி. ஒரு தட்டில் எவ்வளவு நேர் ஏற்றம் இருக்கிறதோ அதே அளவு மறை ஏற்றம் மற்றத் தட்டில் இருக்கிறது. கூட்டினால் பூச்சியம். "மின்னேற்றிய கொள்ளளவி" என்று நாம் சொல்கிறபோதும் அதன் மொத்த ஏற்றம் பூச்சியம்தான். உள்ளே சேர்ந்திருப்பது சக்தி. ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்கு ஏற்றத்தைப் பிரித்து வைத்ததால் வந்த சக்தி அது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் பெஞ்சமின் பிராங்ளின். 1745, 1746 வாக்கில் ஜெர்மனியில் குளைஸ்டும் நெதர்லாந்தில் மூசன்புரோக்கும் தனித்தனியாக லெய்டன் சாடியைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஒரு கடத்தி, வெளியே ஒரு கடத்தி, நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள் மின்சாரத்தை அடைத்து வைத்திருப்பதாகத்தான் பலரும் நினைத்தார்கள். பிராங்ளின் 1747இல் எழுதிய கடிதத்தில், உள்ளே எவ்வளவு கூடுகிறதோ வெளியே அவ்வளவு குறைகிறது என்று விளக்கினார். சாடியை மெழுகு போன்ற காவலியின் மேல் வைத்து, வெளிப்பக்கத்துக்கு எந்தத் தொடுப்பும் கொடுக்காவிட்டால் அது ஏற்றம் பெறவே மாட்டாது. வெளித்தட்டிலிருந்து ஏற்றம் வெளியேற ஒரு வழி வேண்டும், அந்த வழியாகத்தான் அன்று சாடியைப் பிடித்திருந்தவரின் கையும் காலடி நிலமும் பயன்பட்டன. புவித்தொடுப்பும் கொள்ளளவியும் ஒரே கதையில் சேர்ந்து வருவது அங்கிருந்துதான்.

இப்போது அந்தப் பரீட்சைக் கேள்விக்கு வரலாம். 100 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று 325 வோல்ட்டுக்கு ஏற்றப்பட்டு, எதனோடும் தொடுப்பில்லாமல் மேசையில் கிடக்கிறது. போன் சார்ஜர், டிவி போன்றவற்றின் உள்ளே 230 வோல்ட் மின்சாரத்தை நேரோட்டமாக்கினால் வரும் உச்ச அளவுதான் அந்த 325. தட்டுகளில் உள்ள ஏற்றம் 32.5 மில்லிகூலோம். இரண்டு தட்டும் புவியிலிருந்து சமமாக, ஒன்று +162.5, மற்றது −162.5 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேர்த் தட்டைப் புவியில் தொடுக்கிறோம். அது பூச்சியத்துக்கு வருகிறது. மற்றத் தட்டு −325க்கு இறங்குகிறது. நடுவில் இருக்கும் 325 அப்படியே இருக்கிறது. நேர்த் தட்டிலுள்ள ஏற்றம் ஏன் ஓடவில்லை? எதிரே இருக்கிற மறை ஏற்றம் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது, அதற்குப் போக வழி கிடைக்காமல் இது மட்டும் போக முடியாது. சரியாகச் சொன்னால் ஒரு துளி போகும். கொள்ளளவியின் உடலுக்கும் சுற்றியுள்ள புவிக்கும் இடையே 100 பிக்கோபரட் அளவில் ஒரு கொள்ளளவம் இருக்கும், அதற்காக ஏறத்தாழ 0.016 மைக்ரோகூலோம் நகரும். உள்ளே இருப்பதில் 20 இலட்சத்தில் ஒரு பங்கு அது.

தொழிற்சாலைப் பெட்டியில் இந்தக் கணக்கு உயிரோடு சம்பந்தப்படுகிறது. மூன்று பேஸ் 400 வோல்ட்டில் வேலை செய்யும் கொள்ளளவிகளைப் பெரும்பாலும் முக்கோணமாகத் தொடுப்பார்கள். மூன்று முனைகள், ஒவ்வொரு சோடி முனைக்கும் நடுவில் ஒரு கொள்ளளவி. இதில் எந்த முனையும் புவியோடு தொடுப்பில் இல்லை. மெயினை நிறுத்துகிற கணத்தில் ஏதாவது ஒரு சோடி உச்சத்தில் இருந்தால் அதற்கிடையே 566 வோல்ட் நிற்கும். 50 கிலோவார் (முன்பு சொன்ன வெறும் ஓட்டத்தின் பங்கை அளக்கும் அலகு) தொகுதி ஒன்றில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 330 மைக்ரோபரட் வருவதால், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் 53 யூல். இதயத்தை நிறுத்த இது போதும்.

அந்த நிலையில் ஒருவர் ஏர்த் வயரை முதலாம் முனையில் தொட்டு, அப்படியே விட்டுவிட்டு, "சரி, போயிட்டு" என்று வேலையைத் தொடங்குகிறார். அதற்கு முன்பு முழுத் தொகுதியும் புவியிலிருந்து விலகித் தனியாக இருந்தது. தரையில் நிற்கிற ஆள் ஒரு முனையை மட்டும் தொட்டிருந்தால் பெரிய ஓட்டம் ஓடச் சுற்று இல்லை. இப்போது அந்தச் சுற்றைத் தன் கையாலேயே முடித்து வைத்திருக்கிறார். முதலாம் முனை புவி, அவர் நிற்பதும் புவி, இரண்டாம் முனையில் விரல் பட்டால் 566 வோல்ட் அவருடைய உடலுக்குக் குறுக்கே வந்துவிடும். பாதுகாப்புக்கு என்று செய்த காரியமே பெட்டியை ஆபத்தாக்கிவிட்டது. அரைகுறையான புவித்தொடுப்பை நான் அஞ்சுவது இதற்காகத்தான்.

சரியான ஒழுங்கு இது. மெயினை நிறுத்தி, வேறு யாரும் போடாதபடி பூட்ட வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். இத்தகைய கொள்ளளவிகளுக்குள் ஏற்றத்தை இறக்கும் தடை பூட்டப்பட்டிருக்கும், சர்வதேச நியமப்படி அது 3 நிமிடத்துக்குள் அழுத்தத்தை 75 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தடை எரிந்துபோயிருக்கலாம் என்பதால் அதை நம்பிக் கை வைக்கக்கூடாது. மீற்றரை வைத்து முனைக்கும் ஏர்த்துக்கும் நடுவில் மட்டுமில்லை, முனைக்கும் முனைக்கும் நடுவிலும், மூன்று சோடியையும் அளக்க வேண்டும். பிறகு மூன்று முனைகளையும் ஒன்றோடொன்று குறுக்காகத் தொடுத்து, அந்தத் தொகுதியை ஏர்த்தில் தொடுத்து, வேலை முடியும்வரை அப்படியே விட வேண்டும். அப்படியே விடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. காவலிப் பொருளுக்குள் பதிந்த முனைவாக்கம் (அதன் மூலக்கூறுகளில் நேர், மறை ஏற்றங்கள் சற்று விலகி நிற்பது) மெதுவாகத்தான் விடுபடும், அதனால் ஒரு தடவை குறுக்கிட்டு எடுத்த கொள்ளளவியில் சில நிமிடம் கழித்து மறுபடி அழுத்தம் தலைதூக்கும். பெரிய கொள்ளளவிகளை முனைகள் இரண்டையும் கம்பியால் கட்டியே களஞ்சியத்தில் வைப்பதும் இதனால்தான். இது பயிற்சி பெற்றவர்களின் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குள்ளும் இதே விஷயம் சின்ன அளவில் நடக்கிறது. லப்டொப்பின் உலோக மூடியில் கை வைத்தால் சுர்ரென்று ஓர் உணர்வு, டெஸ்டரை வைத்தால் மெல்லிய வெளிச்சம். பழுதாகிவிட்டதோ என்று பயப்படுவார்கள். சார்ஜருக்குள் மின்காந்த இரைச்சலைக் குறைப்பதற்காக மெயின் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவில் சிறிய கொள்ளளவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். 2.2 நானோபரட் என்றால் 230 வோல்ட்டில் அதனூடாக 0.16 மில்லிஅம்பியர் போகும். மூன்று முள் பிளக்கின் ஏர்த் முனை உண்மையான ஏர்த்தோடு சேர்ந்திருந்தால் அந்த ஓட்டம் அங்கே போய்விடும், மூடி பூச்சியத்தில் நிற்கும். ஏர்த் இல்லாத சொக்கற்றில் மூடிக்குப் பிடிப்பு இல்லை, அது மெயின் அழுத்தத்தின் பாதி அளவில் மிதந்துகொண்டிருக்கும். அந்தச் சின்ன ஓட்டம் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்தச் சுர்ரென்ற உணர்வு ஒரு தகவல் சொல்கிறது, உங்கள் சொக்கற்றின் ஏர்த் வேலை செய்யவில்லை என்று. நாளைக்கு அதே சொக்கற்றில் கேத்தல் போடப் போகிறீர்கள்.

கேத்தலுக்குள் லைவ் வயர் கழன்று உலோக உடலில் படுகிறது என்று வையுங்கள். ஏர்த் கம்பி வழியாக மின்சாரம் "மண்ணுக்குள் போய்விடும்" என்பது பொதுவான பேச்சு. மெயின் மின்னோட்டத்துக்கு மண் முடிவிடம் இல்லை. அது புறப்பட்ட நிலைமாற்றிக்கு (ட்ரான்ஸ்போமருக்கு) திரும்பிப் போக வேண்டும், கம்பத்திலுள்ள அந்த நிலைமாற்றியின் நியூட்ரல் அங்கே மண்ணில் தொடுக்கப்பட்டிருப்பதால்தான் மண் அதற்கு ஒரு பாதையாகிறது. இலங்கையில் வீட்டின் ஏர்த் கம்பியைப் பாவனையாளர்தான் தனியாக நாட்ட வேண்டும். அந்தக் கம்பியின் தடை 50 ஓம், நிலைமாற்றிப் பக்கத்தில் 10 ஓம் என்றால் ஓடுவது 3.8 அம்பியர். 15 அம்பியர் பியூஸுக்கு இது தெரியவே தெரியாது. கேத்தலின் உடல் 190 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும், தண்ணீரும் கொதிக்கும். ஏர்த் கம்பி மட்டும் இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

மலைநாட்டில் 50 ஓம் என்பதே பல இடங்களில் ஆசைதான். 1.5 மீட்டர் கம்பியை, தடைத்திறன் (மண் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 100 ஓம் மீட்டர் உள்ள நல்ல ஈர மண்ணில் அடித்தால் 60 ஓம் வரும். பாறையும் சரளையும் கலந்து 1000 ஓம் மீட்டர் என்றால் 600 ஓம். கொஞ்ச ஆழத்திலேயே கம்பி பாறையில் முட்டி நின்று, மிச்சத்தை வெட்டி விடுகிற இடங்களில் இன்னும் கூடும். மாசி, பங்குனி வெயிலில் மேல்மண் காய்ந்தால் அதற்கும் மேல். இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு நாட்டிச் சேர்த்துக் கட்டுவது, தண்ணீர் கசியும் பக்கமாகப் பார்த்து நாட்டுவது எல்லாம் நல்லதுதான்.

மண்ணுக்கு இவ்வளவு தடை இருக்கிறது என்றால், மண் முழுவதும் பூச்சியம் என்பதும் எப்போதும் சரியில்லை என்று ஆகிறது. இடி விழும்போது இது கொடூரமாகத் தெரியவரும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடிமின்னல் கூடும் காலம், கொழுந்து மலையில் பெண்கள் நிற்கிற நேரமும் அதுதான். சவுக்கு மரம் ஒன்றில் 30,000 அம்பியர் இறங்கி, தடைத்திறன் 1000 ஓம் மீட்டர் உள்ள நிலத்தில் பரவுகிறது என்று எடுத்தால், மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் 11,000 வோல்ட் வருகிறது. கால்களை அகட்டி நிற்கிறவருக்கு அந்த இரண்டு புள்ளிகளும் அவருடைய பாதங்கள். கால்களைச் சேர்த்து வைத்து, 10 சென்ரிமீட்டர் இடைவெளியாக்கினால் ஏறத்தாழ 1200 ஆகக் குறையும். முன்காலும் பின்காலும் தூரமாக உள்ள மாடுகள் மரத்தடியில் செத்துக் கிடப்பது இதனால்தான். இடி மரத்தைத் தொட்டது, மாட்டைத் தொடவே இல்லை. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போவதுதான் வழி, அதற்கு, முதல் முழக்கத்திலேயே வேலையை நிறுத்த அனுமதி இருக்க வேண்டும்.

லயன் அறைகளுக்கு வருகிறேன். இங்கே தகரக் கூரை ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, வரிசை முழுவதற்கும் ஒரே உலோகமாக நீள்கிறது. ஒரு காம்பராவில் பழைய வயரின் தோல் உரிந்து தகரத்தில் பட்டால், கடைசிக் காம்பராவின் கூரையும் அதே அழுத்தத்துக்குப் போகும். கூரைத் தூணில் கட்டிய உடுப்புக் கொடி கம்பியாக இருந்தால் அதுவும் போகும். ஈர உடுப்போடு, வெறுங்காலோடு நிற்கிறவர் அந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு வீட்டில் மட்டும் பாதுகாப்புச் செய்து பயனில்லை, வரிசையில் உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் ட்ரிப் ஸ்விச் வேண்டும்.

ட்ரிப் ஸ்விச், லைவில் போன ஓட்டமும் நியூட்ரலில் திரும்பிய ஓட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லிஅம்பியரை எட்டினால் 0.3 வினாடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். மேலே சொன்ன 600 ஓம் மோசமான ஏர்த்திலும் கேத்தல் பழுதானால் 0.38 அம்பியர் மண்வழியாகப் போகும், ஸ்விச்சுக்கு அது தாராளம். மோசமான மண்ணுள்ள மலைச்சரிவில் உயிரைக் காக்கக்கூடியது இந்தச் சோடிதான், ஏர்த் கம்பியும் 30 மில்லிஅம்பியர் ஸ்விச்சும் சேர்ந்து. லைவையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் பிடித்தால் அதற்குத் தெரியாது, போனதும் வந்ததும் சமம். ஏற்றம் இறங்காத கொள்ளளவியின் இரு முனையைத் தொட்டாலும் தெரியாது, அந்தச் சுற்று ஸ்விச்சைக் கடந்து போகவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்விச்சில் டெஸ்ட் பொத்தான் இருக்கும், அதை அடிக்கடி அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பொத்தான் உள்ளேயே ஒரு தடை வழியாக லைவிலிருந்து நியூட்ரலுக்கு ஓட்டத்தைத் திருப்பிவிட்டுத்தான் சோதிக்கிறது. வெளியே ஏர்த் வயர் அறுந்து கிடந்தாலும், கம்பியே நாட்டப்படாவிட்டாலும், பொத்தானை அழுத்தினால் ஸ்விச் விழும். அதனால் பொத்தான் வேலை செய்கிறது என்பது ஏர்த் இருப்பதற்குச் சாட்சி இல்லை. ஏர்த் கம்பியின் தடையை அதற்கான மீற்றரால் அளக்க வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் இல்லாமல் மண் காய்ந்திருக்கிற மாசியில்.